53 மீட்டர் வேர் ஓடுற மரம் காத்துல விழுமா?

நிழல்தேடி:
மேற்குச் சுவர் சாயங்காலம் ஏழு மணிக்கும் கை வைக்க முடியாம கொதிக்குது. வேகமா வளர்ற நிழல் மரம் எதுன்னு போன வாரம் கேட்டிருந்தேன். மணல்மேடு சார் எழுதின பதில்: "மெஸ்கீட் (பாலைவனத்தில் வளரும், கருவேலம் போன்ற மரம்) வையுங்கள். வேர் 53 மீட்டர் ஆழம் போகும், எந்தக் காற்றுக்கும் அசையாது, நட்டுவிட்டு மறந்துவிடலாம்." அதை நம்பி 15 காலன் தொட்டியில ஒரு கன்னு பார்த்து வெச்சிருக்கேன். சுவர்லருந்து எவ்வளவு தள்ளி நடணும்?

கரம்பை:
குழி தோண்டுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க. இந்த 53 மீட்டர் பேச்சை நானும் நம்பினவன்தான். நான் வெச்சது தென்னமெரிக்கக் கலப்பினம், முள்ளில்லாதது. மூணாவது வருஷமே கூரையைத் தாண்டிருச்சு, பார்க்கிறவங்க எல்லாம் மலைச்சுப் போனாங்க. ஆறாவது வருஷம் ஆகஸ்ட்ல ஒரு புழுதிப் புயல் வந்துச்சு. கால் மணி நேரம்கூட அடிக்கல. விடிஞ்சு பார்த்தா மரம் வேரோட சாஞ்சு கிடக்குது. அடிமரத்தைச் சுத்தி மண்ணை உதிர்த்துப் பார்த்தேன். வேரெல்லாம் சும்மாடு மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு சுருண்டு, நாத்துப்பண்ணைத் தொட்டி என்ன வடிவமோ அதே வடிவத்துல நிக்குது. அளந்தேன். ஆழம் முக்கால் மீட்டர். மிச்சம் 52 மீட்டர் எங்க போச்சு, மணல்மேடு?

மணல்மேடு:
53 மீட்டர் என் கற்பனை அல்ல. அரிசோனாவில் டூசான் அருகே ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தில் அந்த ஆழத்தில் மெஸ்கீட் வேர் கண்டெடுக்கப்பட்டது. 1963-ல் ஆய்விதழில் வெளியானது. படிக்காதவர்களுக்காக மறுபடியும் எழுதுகிறேன்: 53 மீட்டர். நீங்கள் வளர்த்த விதம் தவறு என்றால் மரத்தின் மீது பழி போடாதீர்கள்.

கரம்பை:
சுரங்கத்துல கிடைச்சதுன்னு நீங்களே சொல்றீங்க. அது யாரும் தொட்டியில வளர்த்து நட்டதில்ல. விதை விழுந்த இடத்துலயே முளைச்சு, தண்ணியைத் தேடி இறங்கின வேர் அது. நமக்கு விக்கிற முள்ளில்லாத வகையில நிறைய, தாய்மரத்துல குச்சியை வெட்டி வேர் பிடிக்க வெச்சது. விதையில வர்ற ஆணிவேர் அதுக்கு ஏது? போதாததுக்கு, டிரிப்பரை, அதாவது சொட்டுநீர் முனையை, அடிமரத்தை ஒட்டி வெச்சு தினமும் பத்து நிமிஷம் விடுறோம். மேலயே தண்ணி கிடைக்கும்போது வேர் எதுக்குய்யா கீழ போகணும்?

மணல்மேடு:
அப்படியானால் தவறு டிரிப்பரில். அதைத்தான் நானும் சொன்னேன்.

கரம்பை:
நீங்க சொன்னது "நட்டுவிட்டு மறந்துவிடலாம்". மேலே இருக்கு, அழிச்சிடாதீங்க.

முள்வேலி:
நீங்கள் இரண்டு பேரும் சண்டை போடும் மரம் சீமைக் கருவேலம். அதைப் போய் யாராவது விரும்பி வைப்பார்களா? நிலத்தடி நீரை உறிஞ்சும் மரத்துக்கு இத்தனை வக்காலத்தா?

கரம்பை:
ஐயா, மெஸ்கீட்ல பல இனம் இருக்கு. சீமைக் கருவேலம் ஜூலிஃப்ளோராங்கற இனம். அரிசோனாப் பக்கத்து சோனோரன் பாலைவனத்து நாட்டு மரம் வெலுட்டினாங்கற இனம், கலப்பினங்கள் வேற. அண்ணன் தம்பின்னு வெச்சுக்குங்க, ஒரே ஆள் இல்ல.

முள்வேலி:
அந்த 53 மீட்டர் வேரையே பல நூல்களில் ஜூலிஃப்ளோரா என்றுதான் போட்டிருக்கிறார்கள். இப்போது என்ன சொல்கிறீர்கள்?

கரம்பை:
அப்போ வெலுட்டினாவை ஜூலிஃப்ளோராவோட ஒரு ரகமாத்தான் எழுதிட்டிருந்தாங்க. பேர் மாறிச்சு, மரம் மாறல. இதெல்லாம் இருந்த புரோசோபிஸ் பேரினத்தையே 2022-ல பிரிச்சுட்டாங்க. ரெண்டுமே இப்ப நெல்டுமாங்கற பேரினம். வன்னி புரோசோபிஸ்லயே இருக்கு. இதெல்லாம் தெரியாம வக்காலத்துன்னு எழுதாதீங்க.

முள்வேலி:
ஒரே பேரினம் என்று நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். நன்றி. வன்னி வையுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தின் தேசிய மரமே அதுதான். பாலைவனத்தில் வாழ்கிறவர்களுக்குத் தெரியாதா?

மணல்மேடு:
வன்னி நிழல் தரும் நாளில் நிழல்தேடியின் பேரன் வந்து உட்காருவான். அவர் கேட்டது வேகமாக வளரும் மரம்.

நிழல்தேடி:
சார், சுவர்லருந்து எவ்வளவு தள்ளின்னு யாராச்சும் சொல்லுங்களேன்.

ஓடைக்கரை:
அஞ்சாறு மீட்டராவது தள்ளி நடுங்க, கிளை ரொம்ப அகலமா விரியும். மேற்குப் பக்கம் நாட்டு வெலுட்டினாவா இருந்தா குளிர்ல இலை கொட்டி வெயிலை உள்ளே விடும். தென்னமெரிக்க வகை முழுசா கொட்டாது. நெத்து நிறைய விழும். வீணாக்காதீங்க, டொஹோனோ ஓதம் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையா இடிச்சு மாவாக்கிச் சாப்பிட்டது. அத்தனை இனிப்பு.

முள்வேலி:
நெத்து விழுந்து நீச்சல் குளத்து வடிகட்டி அடைத்துக்கொண்டதையும் சொல்லுங்கள். போன வருடம் எலுமிச்சை பற்றிய விவாதத்தில் நீங்கள்தானே அழுதீர்கள்?

ஓடைக்கரை:
அது பக்கத்து வீட்டு மரம். எலுமிச்சை அடிமரத்துக்கு வெள்ளை அடிக்கச் சொன்னா அறிவில்லாத வேலைன்னு சொன்னது நீங்க. பட்டை வெந்து வெடிச்ச பிறகு சத்தமே காணோம்.

மணல்மேடு:
தலைப்புக்கு வருவோம். கரம்பை, கிளையைக் கழித்தீர்களா? குடை மாதிரி அடர விட்டால் காற்று புக வழியில்லை, பாய்மரம் போல் இழுக்கும். 53 மீட்டர் வேரே இருந்தாலும்

கரம்பை:
இருந்தாலும்? முடிங்க. "53 மீட்டர் வேர் இருந்தாலும் விழும்"னு எழுதுங்க. அதைத்தானே முதல்லருந்து சொல்றேன்!

மணல்மேடு:
விசைப்பலகை தவறி அனுப்பிவிட்டேன். 53 மீட்டர் வேர் இருந்தால் விழாது. உங்கள் மரத்தில் கழிக்கவில்லை என்பதே என் வாதம்.

கரம்பை:
கழிச்சேன். அளவுக்கு மீறிக் கழிச்சேன், அதுவும் தப்பு. ஒரே தடவையில பாதியை வெட்டினா மரம் பயந்துபோன மாதிரி நாலு பங்கு தளிர் விடுது. எல்லாம் கிளை நுனியில போய்க் குவியுது, அங்கதான் காத்து பிடிச்சு இழுக்குது. காப்பங்குக்கு மேல ஒரு வருஷத்துல வெட்டக் கூடாது. தண்ணி, உரம்னு ஊத்தி ஊத்தி வேகமா வளர்த்தோம். மேல பெருத்தது, கீழ ஒண்ணும் இல்ல. வேர் முடிச்சுல தானே தழைச்சத்து சேர்த்துக்கிற மரத்துக்கு உரம் எதுக்கு? எனக்கு அப்ப சொல்ல ஆள் இல்ல. நிழல்தேடிக்குச் சொல்றேன், கேட்டா கேளுங்க. நடுறதுக்கு முன்னாடி தொட்டியைக் கவுத்து வேரைப் பாருங்க. சுத்திச் சுத்திப் போயிருந்தா வாங்காதீங்க. 15 காலன் வேண்டாம், 5 காலன் எடுங்க, சின்னக் கன்னு மண்ணைச் சீக்கிரம் பிடிக்கும். நல்லா ஊணின பிறகு கோடையில வாரத்துக்கு ஒரு தடவையோ, ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவையோ, மண்ணைப் பொறுத்து விடுங்க. ஆனா 60லருந்து 90 சென்டிமீட்டர் நனையணும். கம்பியைக் குத்திப் பாருங்க, ஈரம் இருக்கிற வரைக்கும் சிரமமில்லாம இறங்கும். குடை விரிய விரிய டிரிப்பரை வெளிய தள்ளுங்க. குழியில சுக்கான் பாறை தட்டுச்சுன்னா கடப்பாரையால உடைச்சு வழி விடுங்க. அதை உடைக்காம 53 மீட்டராம்!

மணல்மேடு:
இவ்வளவு செய்தால் வேர் ஆழம் போகும் என்று ஒப்புக்கொள்கிறீர்கள். அவ்வளவுதான் நான் சொன்னது.

கரம்பை:
எவ்வளவு ஆழம்?

மணல்மேடு:
53 மீட்டர் வரை போகக்கூடிய மரம்.

கரம்பை:
உங்க வீட்டு மரம் எவ்வளவு போயிருக்கு? தோண்டிப் பார்த்தீங்களா?

மணல்மேடு:
என் மரம் எட்டு வருடமாக நிற்கிறது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை ஒவ்வொரு வருடப் பருவப் புயலையும் பார்த்துவிட்டது. படம் கீழே.

ஓடைக்கரை:
படத்துல முட்டுக்கழி ரெண்டு பக்கமும் கட்டியிருக்கே? எட்டு வருஷ மரத்துக்கா? ஒரு வருஷம் போனா அவிழ்த்துடணும் சார். அடிமரம் ஆடினாத்தான் தடிக்கும்.

மணல்மேடு:
அது அழகுக்கு.

கரம்பை:
கயிறு பட்டையை அறுத்து உள்ளே இறங்கியிருக்கு, பெரிசாக்கிப் பாருங்க. அழகாம். 53 மீட்டர் வேர் இருக்கிற மரத்துக்கு ரெண்டு கழி எதுக்குன்னு கேக்கறேன், பதில் சொல்லுங்க.

முள்வேலி:
அடியில் கறுப்பாக வழிகிறதே, அது பாக்டீரியா நோய். சீமைக் கருவேலத்துக்கு இதெல்லாம் வரும் என்று அப்போதே சொன்னேன்.

கரம்பை:
நீங்க எப்ப சொன்னீங்க? பழைய மரத்துல காயத்து வழியா சாறு வடியறது சகஜம், அதுக்காக வெட்ட வேண்டியதில்ல. மணல்மேடு, கழியை அவிழ்த்துட்டு அடுத்த புயலுக்கு அப்புறம் படம் போடுங்க.

மணல்மேடு:
உங்களுக்காக என் மரத்தில் கை வைக்க மாட்டேன். 1963. டூசான். 53 மீட்டர்.

கரம்பை:
முக்கால் மீட்டர். நானே அளந்தது.