ஹாக்ஃபிஷ்: பருந்துமீனா, வல்லூறு மீனா?

நண்பர்களுக்கு வணக்கம். ஹாக்ஃபிஷ் (hawkfish) என்ற பவளப்பாறை மீனுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் பேச்சில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ஹாக்ஃபிஷ் = பருந்துமீன். எளிமையானது, எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான், ஆனால் தவறாகப் புரியும் என்பதே என் கவலை. பருந்து என்றதும் வானத்தில் வட்டமிடும் பறவைதான் நினைவுக்கு வரும். 'உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகாது' என்று சொல்வதும் அந்த உயரத்தை வைத்துத்தான். இந்த மீனுக்கோ காற்றுப்பை கிடையாது. நீந்துவதை நிறுத்தினால் கீழே இறங்கிவிடும். நடுநீரில் சும்மா மிதந்து நிற்க அதனால் முடியாது.

என் பவளத் தொட்டியில் ஒரு சிவப்பு ஹாக்ஃபிஷ் இருக்கிறது. உடல் முழுக்கச் சிவப்பு, முதுகுத் துடுப்பின் அடியில் கறுப்புப் பட்டை, கண்ணைச் சுற்றிலும் கறுப்பு. நாள் முழுக்கக் கிளைப் பவளத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். கண் மட்டும் உருண்டுகொண்டே இருக்கும். இரை தென்பட்டதும் ஒரே பாய்ச்சல், அப்புறம் வேறொரு கிளையில் போய் உட்காரும். மரக்கிளையில் அசையாமல் காத்திருந்து ஓணான் மேல் பாயும் வல்லூறு செய்வதும் இதையேதான். ஆங்கிலப் பெயர் பிறந்ததும் இந்தப் பழக்கத்தால்தான். அதனால் 'வல்லூறு மீன்' என்பதே என் பரிந்துரை.

பெயர் சரியாக இருந்தால் மீன் வளர்ப்பவருக்கும் பயன் உண்டு. நான் இதை வாங்கும்போது சாதுவான மீன் என்றுதான் சொன்னார்கள். பவளத்தைக் கடிக்காது என்பது உண்மை. ஆனால் ஏற்கெனவே தொட்டியில் இருந்த சின்ன இறால்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. இறால், நண்டு போன்ற ஓட்டுடலிகள்தான் இதன் இயல்பான உணவு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வல்லூறு என்ற பெயரில் அறிமுகமாகியிருந்தால் இறால்களோடு சேர்த்து விட்டிருக்கவே மாட்டேன். தொட்டிக்கு வெளியே துள்ளி விழும் குணமும் உண்டு, மேலே வலைமூடி கட்டாயம்.

'கழுகுமீன்' வேண்டாம், பருந்துக்குச் சொன்னதே அதற்கும் பொருந்தும்.

'குஞ்சமீன்' என்ற யோசனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. முதுகுத் துடுப்பின் முள் ஒவ்வொன்றின் நுனியிலும் நூல் பிரிந்தாற்போல் சின்னக் குஞ்சம் இருக்கும். குடும்பப் பெயரான சிர்ரிட்டிடேயும் சுருள்மயிரைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். ஆனால் வேகமாகப் படித்தால் மீன்குஞ்சு என்று தோன்றிவிடும். மீனின் பெயராக இல்லாமல் அந்த உறுப்பின் பெயராக 'முள்நுனிக் குஞ்சம்' என்று வைத்துக்கொள்ளலாம்.

வல்லூற்றுமீன் என்று ஒற்று இரட்டித்து எழுத வேண்டாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அப்படி எழுதினால் ஊற்று என்ற சொல் குறுக்கே வந்து நிற்கிறது. வல்லூறு போன்ற மீன் என்பதுதானே பொருள்? பிரித்து 'வல்லூறு மீன்' என்றே எழுதலாம். இனங்களின் பெயர்களும் இதிலிருந்து இயல்பாக வரும்: என்னிடம் இருப்பது தீச்சுடர் வல்லூறு, வெள்ளை உடலில் சிவப்புக் கட்டம் போட்ட, மூக்கு நீண்டது நீள்மூக்கு வல்லூறு.

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. இதன் மார்புத் துடுப்பில் கீழ்ப்பக்கக் கதிர்கள் (துடுப்பைத் தாங்கும் குச்சி போன்ற பகுதிகள்) தடித்து, கிளைக்காமல் இருக்கும். அவற்றை ஊன்றித்தான் பவளத்தின் மேல் உட்காருகிறது. ஊன்றுகோல் போல 'ஊன்றுகதிர்' என்று சொல்லலாமா? இதைவிடப் பொருத்தமான சொல் தோன்றினால் எழுதுங்கள்.