அப்பா சொன்னதையே திரும்பச் சொல்கிறார், கேட்டதற்குப் பதில் வருவதில்லை

கேள்வி:
அப்பாவுக்கு வயது 78. ஒரு வருஷமாகப் பேச்சு மாறியிருக்கிறது. ஒரே சம்பவத்தை அரை மணி நேரத்தில் மூன்று தடவை சொல்கிறார். கேட்டது ஒன்று, பதில் வேறொன்று. நாலு பேர் கூடிப் பேசினால் எழுந்து போய்விடுகிறார். "இப்பத்தானே சொன்னீங்க" என்றால் முகம் வாடிவிடுகிறது. எப்படிப் பேசுவது? டாக்டரிடம் எப்போது போவது?

செவிவழி:
முதலில் காதைப் பாருங்கள். பதில் தடம் மாறுவதும் கூட்டத்தில் ஒதுங்குவதும் காது மந்தத்தால் வரக்கூடியவை. வயதாகும்போது கூர்மையான ஒலிகள்தான் முதலில் போகும். உயிரொலி நன்றாக விழும். ச, த, ப போன்ற மெய்கள் நழுவிவிடும். "காசு எங்கப்பா?" என்று கேட்டால் "காது நல்லாத்தானே இருக்கு" என்பார். சத்தம் கேட்பதால் தனக்குக் குறை இருப்பது அவருக்கே தெரியாது, நீங்கள் முணுமுணுப்பதாகத் தோன்றும். அதைப் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள்.

கத்துவதால் பயனில்லை. உயிரொலிதான் பெருகும், மெய் தெளியாது. கேட்பவருக்குத் திட்டு மாதிரியும் இருக்கும். டிவியை அணையுங்கள். "அப்பா" என்று கூப்பிட்டு, அவர் திரும்பிப் பார்த்த பிறகு பேச்சைத் தொடங்குங்கள். மூன்று, நான்கு அடி தூரத்தில், வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி உட்காருங்கள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் உதட்டசைவு தெரியாது. புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லாமல் சொல்லை மாற்றுங்கள். "காசு" விழாவிட்டால் "பணம்" விழும்.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குறும்பி அடைப்பு இருக்கிறதா என்று பார்த்து, பிறகு ஆடியோகிராம் (எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் சோதனை) எடுங்கள். வீட்டில் பஞ்சுக்குச்சி போட்டால் குறும்பி இன்னும் உள்ளே போய் இறுகும்.

நிதானி:
மேலே சொன்னது சரி. ஆனால் திரும்பத் திரும்பச் சொல்வது வேறு விஷயம். யாரிடம் எதைச் சொன்னோம் என்ற நினைவு வயதில் இயல்பாகவே தளரும். எப்போதாவது ஒரு பழைய கதை மறுபடி வந்தால் பயம் வேண்டாம். அரை மணியில் மூன்று தடவை என்பதைச் சோதித்துத்தான் ஆகவேண்டும்.

"முன்னாடியே சொன்னீங்க", "ஞாபகம் இல்லையா?" இரண்டையும் விட்டுவிடுங்கள். சொன்னது அவருக்கு நினைவில்லை. குற்றம் சாட்டுவது மட்டும் உறைக்கும். கதைக்குள்ளேயே ஒரு பக்கக் கேள்வி கேளுங்கள்: "அப்ப கூட யார் இருந்தாங்க?" பேச்சு வேறு பக்கம் நகரும். "எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்பதையே கேட்டுக்கொண்டிருந்தால், அதில் பதற்றம் இருக்கிறது. பதிலைக் கொட்டை எழுத்தில் பலகையில் எழுதி, வாயாலும் சொல்லி, பிறகு பலகையைக் காட்டுங்கள். "அங்க எழுதியிருக்கு பாருங்க" என்று மட்டும் சொன்னால் விரட்டுவது போலாகும்.

சொல் வராமல் தடுமாறினால் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். உடனே எடுத்துக் கொடுத்தால் மெல்ல மெல்லப் பேசுவதையே குறைத்துக்கொள்வார்.

கேள்வி கேட்டவர்:
காது கருவி வாங்கினாலும் போடமாட்டார் என்று பயம்.

செவிவழி:
முதல் நாளே நாள் முழுக்கப் போடச் சொல்வதால்தான் பலர் கழற்றி வைக்கிறார்கள். வருஷக்கணக்கில் கேட்காத ஒலிகளுக்கு மூளை பழக வாரங்கள் ஆகும். அமைதியான அறையில், ஒருவரோடு மட்டும், தினம் ஒரு மணி நேரம் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். விரல் நடுங்குபவருக்குக் காதுக்குள் போகும் குட்டிக் கருவி வேண்டாம், காதின் பின்னால் மாட்டுவதே நல்லது. சரியாகக் கேட்கவில்லை என்றால் முனையில் குறும்பி அடைத்திருக்கிறதா, பேட்டரி தீர்ந்ததா என்று முதலில் பாருங்கள்.

மருந்துப்பெட்டி:
டாக்டரிடம் போகுமுன் இரண்டு வாரம் குறிப்பு எழுதுங்கள்: தேதி, நேரம், என்ன சொன்னார், முந்தின நாள் இரவு தூங்கினாரா. எல்லா மாத்திரைகளையும் எடுத்துப் போங்கள், கடையில் தானாக வாங்கியதும் சேர்த்து. தூக்கம் வரவைக்கும் சில அலர்ஜி மாத்திரைகளும், சிறுநீர் அடக்க முடியாமைக்கான சில மாத்திரைகளும் முதியவர்களின் நினைவைக் குழப்பும். ரத்தத்தில் வைட்டமின் பி12, தைராய்டு, சோடியம், சர்க்கரை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மனச்சோர்வும் பேச்சைக் குறைக்கும், அதையும் சொல்லுங்கள். அங்கே அவருக்குப் பதில் நீங்கள் பேசாதீர்கள், அவர் பேசுவதை மருத்துவர் கேட்க வேண்டும்.

ஓரிரு நாளில் திடீரென்று குழம்பிப் பேசினால் அது தொற்றாகவோ புது மாத்திரையின் விளைவாகவோ இருக்கலாம், அன்றே காட்டுங்கள். திடீரென்று வாய் கோணினாலோ, நாக்குக் குழறினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ பக்கவாதமாக இருக்கலாம். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொண்டு உடனே ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதனால் தொடங்கிய நேரத்தைத்தான் முதலில் கேட்பார்கள்.