இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு பார்வையாளர்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கணக்குப்பலகை:

யூடியூப் சேனல் தொடங்கி ஒன்பதாவது மாதம். அப்போது 212 சப்ஸ்கிரைபர். கணக்குச் சொல்லித்தரும் சேனல், ஒரு வெள்ளைப் பலகையும் மார்க்கரும்தான். விளம்பர வருமானம் கிடைக்க வேண்டுமென்றால் 1,000 சப்ஸ்கிரைபர், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை என்ற வரம்பைத் தவிர வேறெதுவும் என் கண்ணில் படாத காலம் அது. 'நீ என் சேனலுக்கு வா, நான் உன் சேனலுக்கு வருகிறேன்' என்கிற சப் ஃபார் சப் குழு ஒன்றில் சேர்ந்திருந்தேன். தினமும் இரவு இரண்டு மணி நேரம் முன்பின் தெரியாதவர்களின் வீடியோக்களுக்குக் கீழே 'சூப்பர்', 'அருமை' என்று எழுதிக்கொண்டிருப்பேன். அது யூடியூப் விதிக்கே எதிரானது என்று பிறகுதான் தெரிந்தது.

அப்படி ஒரு இரவு 11:42க்கு என் தொகையிடல் வீடியோவுக்குக் கீழே ஒரு கமெண்ட் வந்திருக்கிறது. "சார், நாளைக்குப் பரீட்சை. மூணாவது ஸ்டெப்ல தொடங்கின கணக்கே திரும்ப வருது. நான் எங்கயாவது தப்பு பண்றேனா?"

தப்பே இல்லை. அடுக்குக்குறிச் சார்பும் சைனும் பெருக்கலில் இருந்தால் அந்தக் கணக்கு அப்படித்தான் வரும். பகுதித் தொகையிடலை இரண்டு முறை செய்ததும் தொடங்கிய தொகையே கழித்தல் குறியோடு வந்து நிற்கும். அதை இடப்பக்கம் கொண்டுபோனால் இரண்டு மடங்காகும், இரண்டால் வகுத்தால் விடை. ஒரே வரியில் சொல்லியிருக்கலாம்.

நான் பார்த்தது மூன்று நாள் கழித்து. பதறிப்போய் நீளமாகப் பதில் போட்டேன். "பரவாயில்லை சார், பரீட்சை முடிஞ்சிருச்சு. அதே மாதிரிக் கணக்குதான் வந்துச்சு, விட்டுட்டேன்" என்று வந்தது. அதன் பிறகு அந்தப் பெயரில் ஒரு கமெண்டும் வரவில்லை. அந்த 11:42க்கு நான் ஆன்லைனில்தான் இருந்தேன். யாரோ ஒருவரின் வீடியோவுக்கு 'அருமை' என்று அடித்துக்கொண்டிருந்தேன்.

உங்களுக்கும் இப்படி ஒருவர் இருப்பார். எழுதுங்கள்.


நூல்கண்டு:

எனக்கு வந்ததும் ஒரு கமெண்ட்தான். பூத்தையல் சொல்லித்தருகிறேன். ஊசியில் நூல் கோர்க்கும் ஒரு உத்தியை 18 விநாடி ஷார்ட்ஸாகப் போட்டேன். ஒரே வாரத்தில் ஆறு லட்சம் வியூஸ். சப்ஸ்கிரைபர் ஒன்பதாயிரத்தைத் தாண்டியது. தூக்கமே வரவில்லை, எழுந்து எழுந்து போனைப் பார்த்தேன். சரி, இத்தனை பேர் வந்துவிட்டார்கள் என்று, நான்கு நாள் உட்கார்ந்து முழு ரோஜாவையும் தைத்துக் காட்டும் 40 நிமிட வீடியோ ஒன்றை எடுத்தேன். ஒவ்வொரு இதழுக்கும் நூல் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பது வரை இருக்கும்.

83 வியூஸ். அதில் ஒரே ஒரு கமெண்ட்: "யாருங்க நீங்க? இந்த சேனலை நான் எப்ப சப்ஸ்கிரைப் பண்ணேன்?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டார். பதில் அடித்தேன், அழித்தேன். மறுபடி அடித்தேன், மறுபடி அழித்தேன். ஒன்பதாயிரம் பேரில் ஒருவருக்கும் நான் யார் என்று தெரியாது என்பது அந்த நிமிடம்தான் உறைத்தது. அவர்கள் பார்த்தது ஒரு ஊசியை, ஒரு விரலை. இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. ஷார்ட்ஸ் ஃபீடில் பார்க்கும் நேரம் அந்த 4,000 மணிக் கணக்கில் சேராது. ஷார்ட்ஸ் வழியாகவே வருமான வரம்பை எட்ட வேண்டுமென்றால் 90 நாளில் ஒரு கோடி வியூஸ் வேண்டும்.

ஷார்ட்ஸ் போடுவதை அன்றோடு நிறுத்திவிட்டேன்.


திரைப்பாடம்:

நூல்கண்டு சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஷார்ட்ஸ் என்ன செய்யும்? 18 விநாடிக்கு வந்தவரை 40 நிமிட வீடியோவுக்கு அழைத்துப்போக நடுவில் ஒரு படியாவது வேண்டாமா? அந்த ஷார்ட்ஸிலேயே முழு வீடியோவை இணைக்கும் வசதி இருக்கிறது, இணைத்தீர்களா? ஊசி கோர்ப்பதில் தொடங்கி ஒரே ஒரு இதழ் மட்டும் தைக்கும் ஆறு நிமிட வீடியோ போட்டிருந்தால் அந்த ஒன்பதாயிரத்தில் சில நூறு பேராவது வந்திருப்பார்கள். நிறுத்தியது தப்பு.

என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறேன். ஒருவர் மின்னஞ்சல் எழுதினார். "எனக்குக் கண் பார்வை இல்லை. உங்கள் வீடியோவைக் கேட்டுத்தான் படிக்கிறேன். 'இதை எடுத்து இங்கே போடுங்கள்' என்கிறீர்கள். எதை? எங்கே?" அவ்வளவுதான் கடிதம். பழைய வீடியோ ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் 'இதை', 'இங்கே', 'இப்படி' தவிர எதுவும் காதில் விழவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு பட்டனையும் அதன் பெயரைச் சொல்லித்தான் தொடுகிறேன்.

சரி, புதிதாக வருபவர்கள் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காகச் சில விஷயம். ஒன்று, சத்தம். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள், குரல் எதிரொலித்தால் போய்விடுவார்கள். விலை கூடிய கேமரா வாங்குவதற்கு முன் காலர் மைக் வாங்குங்கள், மெத்தை, துணி நிறைந்த அறையில் பதிவு செய்யுங்கள். அப்புறம் முதல் 30 விநாடி. 'வணக்கம் நண்பர்களே, சேனலுக்குப் புதுசா இருந்தா' என்று தொடங்காதீர்கள். தம்ப்நெயிலில், அதாவது வீடியோவின் முகப்புப் படத்தில், என்ன சொன்னீர்களோ அதை முதல் வாக்கியத்திலேயே எடுத்துவிடுங்கள். ஒரே வீடியோவுக்கு மூன்று தம்ப்நெயில் வரை போட்டு எது அதிகம் பார்க்க வைக்கிறது என்று யூடியூபிலேயே சோதிக்கலாம், அதைச் செய்யாமல் 'ஆல்காரிதம் என்னை அமுக்குகிறது' என்று பேசுவதில் பயன் இல்லை. கிளிக் விகிதம், அதாவது தம்ப்நெயில் கண்ணில் பட்டதில் எத்தனை சதவீதம் கிளிக் ஆனது என்பது, 4% வந்தால் பயப்படாதீர்கள். பாதிச் சேனல்களுக்கும் வீடியோக்களுக்கும் அது 2 முதல் 10 சதவீதத்துக்குள்தான் இருக்கிறது என்று யூடியூபே சொல்கிறது. அதுவும் வீடியோ நிறையப் பேர் கண்ணில் படப்பட விகிதம் இறங்கத்தான் செய்யும். 2012லிருந்தே யூடியூப் வெறும் வியூஸை விட எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதற்குத்தான் மதிப்புக் கொடுக்கிறது. ஆகவே நீங்கள் பேசாத ஒவ்வொரு விநாடியையும் எடிட்டிங்கில் வெட்டுங்கள். மூச்சு விடும் இடைவெளியைக் கூட வெட்டுங்கள். வீடியோவின் எந்த இடத்தில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று காட்டும் ரிடென்ஷன் கிராஃபில் சரிவு எங்கே தொடங்குகிறதோ, அதற்குப் பத்து விநாடி முன்னால் தேடுங்கள், காரணம் அங்கே இருக்கும்.


காகிதக்கொக்கு:

என் கதை வேறு மாதிரி. காகித மடிப்புச் சேனல், 31,000 சப்ஸ்கிரைபர் இருந்தபோது நடந்தது. ஒரு எடிட்டிங் மென்பொருளுக்கு ஸ்பான்சர் வீடியோ செய்யச் சொல்லி மின்னஞ்சல் வந்தது. என் வீடியோக்களைப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருந்தார்கள், கொக்கின் கழுத்து மடிப்பைக் கூடக் குறிப்பிட்டிருந்தார்கள். அதில்தான் நம்பினேன். ஒப்பந்தம் என்று ஒரு ஜிப் கோப்பு. உள்ளே இருந்தது பார்க்க ஆவணம் போலத்தான் இருந்தது. திறந்தேன், ஒன்றுமே வரவில்லை. மறுபடி திறந்தேன்.

மறுநாள் காலை என் கண் முன்னாலேயே சேனலின் பெயர் மாறியது. பக்கத்தைப் புதுப்பித்தேன், கொக்குப் படம் போய் யாரோ ஒருவரின் முகம். இன்னொரு முறை புதுப்பித்தேன், வீடியோக்கள் எல்லாம் மறைந்துவிட்டன. நான்கு வருட வேலை. கிரிப்டோ பணத்தை இரட்டிப்பாக்குவதாக ஒரு லைவ் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு முறை உறுதி கேட்கும் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் என்னிடம் இருந்தது, அதனால் பயமில்லாமல் இருந்தேன். ஆனால் அவர்கள் பாஸ்வேர்டைத் தொடவே இல்லை. நாம் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதைப் பிரவுசரில் நினைவு வைத்திருக்கும் குக்கீ என்ற சிறு தகவலைத் திருடினால் போதும், இரண்டாவது படி கேட்காது. இதே வழியில் யூடியூபர்களைக் குறிவைக்கிறார்கள் என்று கூகுளின் பாதுகாப்புக் குழுவே 2021 அக்டோபரில் விரிவாக எழுதியிருந்தது. அதை முன்பே படித்திருந்தால் அந்தக் கோப்பைத் தொட்டிருக்க மாட்டேன். இப்படி நடந்தால் முதலில் வேறொரு சாதனத்திலிருந்து பாஸ்வேர்டை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றிவிடுங்கள்.

எட்டு நாளில் சேனல் திரும்பக் கிடைத்தது. ஆனால் எனக்கு மறக்காதது அந்த லைவ்தான். ஓரத்தில் சாட் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒருவர் அதே வரியைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருந்தார். "இது காகிதம் மடிக்கும் அக்கா சேனல், யாரும் பணம் அனுப்பாதீங்க." அவர்கள் அழித்தார்கள், அவர் மறுபடி போட்டார். கடைசியில் அவரைத் தடுத்துவிட்டார்கள். அந்த அடையாளப் பெயரை எனக்குச் சரியாகப் பார்க்கக்கூட நேரமில்லை. சேனல் வந்த பிறகு நன்றி சொல்லி ஒரு வீடியோ போட்டேன். அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை.


கடிகாரமுள்:

திரைப்பாடம் அவர்களே, 'பேசாத ஒவ்வொரு விநாடியையும் வெட்டுங்கள்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கைக்கடிகாரம் பழுது பார்க்கும் சேனல். என் முகம் வராது, கைகளும் குரலும் மட்டும். சாவி கொடுக்கும் பழைய கடிகாரம் ஒன்றில் முன்னும் பின்னும் ஆடி நேரத்தைச் சீராக்கும் பேலன்ஸ் சக்கரத்தைத் திரும்பப் பொருத்தும் வீடியோ. அந்தச் சக்கரத்துக்கு அடியில் மணல் துகள் அளவுக்கு ஒரு கல் ஊசி இருக்கும், அது எதிரே இருக்கும் கவையின் பிளவுக்குள் சரியாக உட்கார வேண்டும். அதோடு சேர்ந்த ஹேர்ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருள் தொங்கிக்கொண்டு ஆடும், கை நடுங்கினால் வளைந்துவிடும். இரண்டு முறை எனக்குத் தவறியது. மூன்றாவது முறை உட்கார்ந்தது, சக்கரம் தானாக மூச்சு வந்த மாதிரி அசைய ஆரம்பித்தது. மொத்தம் 50 விநாடி, ஒரு வார்த்தை பேசவில்லை.

உங்களைப் போலவே ஒருவர் வெட்டச் சொன்னார். வீடியோ வெளிவந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. யூடியூப் எடிட்டரிலேயே அந்த 50 விநாடியை எடுத்துவிட்டேன்.

பிறகு ஒரு நாள் ஒரு காத்திருப்பு அறையில் என் முறை வந்ததும் பெயரைச் சொன்னேன். பின்னால் இருந்த பெரியவர் எழுந்து வந்தார். "தம்பி, நீங்க கடிகாரம் சரிபண்றவர்தானே? குரல் கேட்டதும் தெரிஞ்சுபோச்சு." போனை எடுத்து அந்த வீடியோவைக் காட்டினார். அப்பாவின் கடிகாரத்தைத் தானே சரிசெய்யப் பழகிக்கொண்டிருக்கிறாராம். "உங்களுக்கே ரெண்டு தடவை தவறுச்சே, அந்த இடத்தைப் பார்த்துட்டுத்தான் தினமும் உட்காருவேன். இப்ப அது காணோமே, ஏன் எடுத்துட்டீங்க?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து பழைய ரிடென்ஷன் கிராஃபை எடுத்துப் பார்த்தேன். வெட்டிய அந்த இடத்தில் கோடு சரியவே இல்லை, சின்ன மேடு ஒன்று எழுந்திருந்தது. ஆட்கள் பின்னால் போய்த் திரும்பத் திரும்பப் பார்த்தாலோ, நேரே அந்த இடத்துக்குத் தாவி வந்தாலோ அப்படி மேடு வரும். கிராஃபைப் பார்க்காமலேயே வெட்டியிருக்கிறேன். அன்றே பழையபடி மாற்றினேன். ஆனால் அந்தப் பெரியவரிடம் போன் நம்பர் வாங்கத் தோன்றவில்லை, மாற்றிவிட்டேன் என்று சொல்ல வழியும் இல்லை.


திரைப்பாடம்:

கடிகாரமுள், நான் சொன்னது பேச்சு வீடியோவுக்கு. கை வேலைக்கு அது பொருந்தாது, அதை ஒத்துக்கொள்கிறேன், எழுதும்போதே பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும். ஆனாலும் பத்து வீடியோவில் எட்டில் மௌனம் வெறும் மௌனம்தான்.

நூல்கண்டு, கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன், மன்னியுங்கள். அந்த 40 நிமிட வீடியோ இன்னும் இருக்கிறதா?


நூல்கண்டு:

இருக்கிறது. இப்போது 2,100 வியூஸ். 'யாருங்க நீங்க' என்று கேட்டவருக்கு நேற்று இரவுதான் பதில் எழுதினேன், ஏழு மாதம் கழித்து. பெயரும், என்ன தைக்கிறேன் என்பதும், அவ்வளவுதான். ஷார்ட்ஸில் இணைக்கும் வசதி எனக்கு உண்மையாகவே தெரியாது. இன்று அந்தப் பழைய ஷார்ட்ஸில் இணைத்துவிட்டேன்.


கணக்குப்பலகை:

எல்லாவற்றையும் படித்தேன். காகிதக்கொக்கு எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

அந்த சப் ஃபார் சப் குழுவிலிருந்து அப்போதே வெளியே வந்துவிட்டேன். அதன் வழியாக வந்தவர்களில் பெரும்பாலோர் விலகிப் போனார்கள், எண்ணிக்கை 212லிருந்து 140க்கு இறங்கியது. இப்போது இரவு பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை கமெண்டுகளை மட்டும் திறந்து வைத்திருக்கிறேன். பரீட்சைக் காலத்தில் அந்த ஒரு மணி நேரம் போதாது.

அந்தத் தொகையிடல் வீடியோவில் மூன்றாவது படிக்கான விளக்கத்தை எழுதி மேலேயே பின் செய்திருக்கிறேன், நிமிடமும் விநாடியும் போட்டு. "இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை" என்று தொடங்கும். அதற்கு இதுவரை 64 பேர் லைக் போட்டிருக்கிறார்கள். யார் யார் என்று யூடியூப் காட்டாது.