இழை: வேறு இன்ஜின் ஏற்றிய பழைய காருக்குத் தமிழில் என்ன சொல்வது?

அனுப்புநர்: கோவைப் பயிற்றுநர்

குழுவினர்க்கு வணக்கம்.

ஐ.டி.ஐ. மோட்டார் மெக்கானிக் பிரிவு மாணவர்களுக்காகப் பழைய கார்களைச் சீர்செய்வது பற்றித் தமிழில் ஒரு கையேடு எழுதிவருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கவேண்டும். மூன்று வேலைகளுக்குப் பெயர் கிடைக்காமல் ஒரு பாடம் அப்படியே நிற்கிறது.

வண்டியில் இருந்த அதே வகை இன்ஜினில் இன்னொன்றைப் பூட்டுவது ஒரு வேலை. வேறொரு வண்டியின் இன்ஜினைக் கொண்டுவந்து பொருத்துவது இன்னொன்று. கூடு பழையதாகவே இருக்க, பிரேக், வயரிங், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் என்று உள்ளே உள்ளவற்றையெல்லாம் இக்காலத்துப் பாகங்களாக மாற்றுவது மூன்றாவது. இதை மேலைநாட்டார் ரெஸ்டோமாட் என்கிறார்கள். என் கைக்கு வந்த தமிழ்க் குறிப்புகளில் மூன்றுக்கும் 'இயந்திர மாற்றம்' என்றே இருக்கிறது.

இது வெறும் சொல்லாசை இல்லை. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த பகுதிப்படி, முதல் பதிவு நடந்து 50 ஆண்டு கடந்த கார், மூல வடிவிலேயே இருந்தால்தான் விண்டேஜ் வகையில் பதிவு பெறும். சேசிஸ், உடற்கூடு, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருந்தால் கிடையாது. எந்த வேலை எந்தப் பக்கம் விழும் என்று மாணவனுக்குப் பெயரிலேயே தெரியவேண்டும்.

எனக்குத் தோன்றியவை: இன்ஜின் மாற்று, இன்ஜின் பெயர்ப்பு, நவீனச் சீரமைப்பு. மூன்றிலும் எனக்கு நிறைவில்லை.

---

அனுப்புநர்: மதுரைத் தமிழாசிரியர்

அன்புள்ள பயிற்றுநர்க்கு,

இன்ஜின் என்ற சொல்லை வைத்துக்கொண்டு கலைச்சொல் கேட்கிறீர்கள். அடி மரத்தை விட்டுவிட்டுக் கிளைக்குப் பெயர் தேடுவதில் எனக்கு உடன்பாடில்லை. நம்மிடம் பொறி இருக்கிறது. மதுரைக் கோட்டைமேல் இருந்த போர்க்கருவிகளைச் சிலப்பதிகாரம் அடுக்கும்போது 'வளைவிற் பொறியும் கருவிரல் ஊகமும்' என்றுதான் தொடங்குகிறது. தானே வளைந்து எய்யும் கருவியைப் பொறி என்று சொன்ன மொழிக்கு, தானே சுழலும் கருவியைச் சொல்ல முடியாதா?

எந்திரம் என்பாரும் உண்டு. ஐங்குறுநூற்றில் 'கரும்பின் எந்திரம் களிற்றெதிர் பிளிற்றும்' என்று வருகிறது. கரும்பு ஆலையின் ஓசை யானையின் பிளிறலுக்கு எதிரொலிக்கிறது. ஆனால் அது யந்திரம் என்னும் வடசொல்லின் வழி வந்தது என்பர். வடவெழுத்து ஒரீஇ (நீக்கி) வந்த சொல்லைத் தொல்காப்பியர் ஏற்றுக்கொண்டார்தான். தமிழ்ச்சொல்லே கையில் இருக்கும்போது அந்தச் சலுகை எதற்கு என்பது என் கேள்வி.

என் பரிந்துரை: மாற்றுப்பொறி, வேற்றுப்பொறி. பொருத்தும் செயலைச் சொல்ல இவற்றோடு ஏற்றம் சேர்த்துக்கொள்ளலாம். மூன்றாவதற்கு நாளை எழுதுகிறேன்.

ஒரு குறிப்பு. மாற்றுப்பொறி என்று வல்லினம் மிகுந்தே எழுதவேண்டும். மாற்று இங்கே பெயர். மிகாமல் மாற்றுபொறி என்று எழுதினால் வினைத்தொகையாகி, எதையோ மாற்றுகிற பொறி என்று பொருள் போய்விடும்.

---

அனுப்புநர்: அம்பத்தூர்ப் பட்டறை

மதுரை ஐயாவுக்கு வணக்கம். இலக்கணம் பற்றி நான் பேசலை. பட்டறையில் என்ன ஆகும்னு மட்டும் சொல்றேன்.

ஸ்பார்க் பிளக்குக்கு உங்க ஆளுங்களே 'தீப்பொறிச் செருகி'ன்னு வச்சிருக்காங்க. இப்ப இன்ஜினும் பொறி. 'பொறியில் பொறி வரவில்லை'ன்னு கையேட்டில் ஒரு வரி வந்தா, பையன் எதைக் கழட்டுவான்? எலிக்கு வைக்கிறதும் பொறிதான். ஐம்பொறின்னு வேற பள்ளிக்கூடத்தில் படிச்சிருக்கான்.

எங்க வாயில் இருக்கிற வார்த்தை இறக்குறது, ஏத்துறது. 'இன்ஜின் இறக்கணும்'னா செயின் புல்லி மாட்டித் தூக்கி வெளியே எடுக்கணும். 'இதுல வேற இன்ஜின் ஏத்தியிருக்கு'ன்னா கேட்டவனுக்கு உடனே புரியும். பெட்ரோல் அம்பாசடரில் டீசல் ஏத்தி டாக்ஸி ஓட்டின காலத்திலேயே இந்தப் பேச்சு இருந்தது. ஏற்றம்னு நீங்க கடைசியா ஒட்டவச்சிருக்கீங்களே, அதுதான் இதில் உயிர்ச்சொல்.

இன்னொண்ணு. அம்பாசடரையே எடுத்துக்குங்க. ரொம்ப வருஷம் 1489 சி.சி. பி சீரிஸ் இன்ஜின். 1990களில் கம்பெனியே இசுசு 1.8 லிட்டர் போட்டு ஐந்து கியர் கொடுத்தது. இப்ப ஒருத்தர் 1965 மாடலில் அந்த இசுசுவை ஏத்தச் சொல்றார். அதே கம்பெனி, அதே பேர் வண்டி, ஆனா இன்ஜின் வேற. இது மாற்றா, வேற்றா? கையேட்டில் முதலில் இதுக்குப் பதில் எழுதுங்க சார்.

---

அனுப்புநர்: யாழ்ப்பாணத்துப் பொறியியலாளர்

அம்பத்தூர் ஐயா கேட்டது சரியான கேள்வி. எங்கட பக்கத்து அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

மொறிஸ் மைனர் என்ற இங்கிலாந்துக் கார் 1948 இல் வந்தபோது 918 சி.சி. பக்கவால்வு எஞ்சின். 1952 இல் மொறிசும் ஒஸ்ரினும் சேர்ந்து பி.எம்.சி. என்ற ஒரே கம்பனி ஆன கையோடு, ஒஸ்ரின் ஏ30 காரின் 803 சி.சி. எஞ்சின் மைனருக்குள்ளே வந்துவிட்டது. அதுவரை போட்டிக் கம்பனியாக இருந்தவனின் எஞ்சின்! பிறகு 1956 இல் 948, 1962 இல் 1098. இந்த மூன்றும் ஏ சீரிஸ் என்ற ஒரே குடும்பம். 948 இருந்த இடத்தில் 1098 ஐ அதிக சிரமமில்லாமல் இருத்தலாம். அப்போ இது மாற்று என்றே நான் சொல்வேன், சி.சி. வேறாக இருந்தாலும்.

டற்சன் 1200 எஞ்சினை மைனருக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது 1171 சி.சி.; கிராங்கைத் தாங்க ஐந்து பெயாரிங்; ஏ சீரிஸில் மூன்றுதான். நல்ல எஞ்சின். ஆனால் அதோடு அதன் கியர்பொக்ஸும் வரும். எஞ்சின் மவுண்ட் புதிதாக அடிக்கவேணும், புரொப்பெல்லர் ஷாஃப்ற்றின் நீளத்தை மாற்றவேணும், கியர்பொக்ஸ் இருக்கிற குறுக்குச்சட்டத்தில் கைவைக்கவேணும். பயிற்றுநர் தயவுசெய்து இதைத் தடித்த எழுத்தில் போடுங்கோ: மைனரில் முன்சில்லுகளின் ரோர்ஷன் பார் (ஸ்பிரிங் போல முறுக்கித் தாங்குகிற கம்பி) இரண்டும் பின்பக்கத்தில் பிடித்திருப்பது அந்தக் குறுக்குச்சட்டத்தில்தான். கியர்பொக்ஸுக்கு இடம் வேணும் என்று அதை வெட்டி, வேறு பலம் கொடுக்காமல் விட்டால் முன் சஸ்பென்ஷனே நம்பமுடியாததாகிவிடும்.

அதனால் என் அளவுகோல் இது. தாங்கு இடத்தையும் கியர்பொக்ஸையும் சட்டத்தையும் தொடாமல் இருக்குமானால் மாற்று. தொட்டால் வேற்று. இசுசு அம்பாசடர் வேற்றுத்தான்.

மண்ணெண்ணெயையும் ஒருக்கால் சொல்லவேணும். யுத்தகாலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாமல் எங்கட ஒஸ்ரின் ஏ40 கார்களும் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் வைத்திருக்கிற பெற்றோலைக் கார்பரேற்றருக்குள் கொஞ்சம் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடு ஏறினதும் மண்ணெண்ணெயில் ஓடவிடுவது. வெள்ளைப் புகையும் அந்த மணமும் தெருவெல்லாம் இருக்கும். அங்கே எஞ்சின் மாறவில்லை, எரிபொருள்தான் மாறியது. அதற்கும் ஒரு சொல் வேணும். எரிபொருள் மாற்று போதுமோ?

---

அனுப்புநர்: தஞ்சைக் கல்வெட்டு ஆர்வலர்

மூன்றாவது வேலைக்கு நான் ஒரு சொல் கொண்டுவருகிறேன்: புதுக்கு.

பழையதை இடிக்காமல், அதன் இடத்திலேயே புதிதாக்குவதுதான் புதுக்குதல். கல்வெட்டுகளில் புதுக்குப்புறம் என்ற சொல் உண்டு. கோயிலைப் பழுதுபார்த்துப் புதுப்பிக்கும் செலவுக்கென்று ஒதுக்கிய இறையிலி நிலம். கட்டடம் அதே கட்டடம். தேவையான இடத்தில் புதிய கல், புதிய மரம். மைனரின் கூடு அப்படியே இருக்க, முன்சில்லுக்கு டிரம்முக்குப் பதில் டிஸ்க் பிரேக்கும், டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டரும் வருவதை இந்த ஒரு வினை தாங்கும். வண்டிக்குப் புதுக்கூர்தி, செயலுக்குப் புதுக்கம்.

இருந்தது இருந்தபடியே மீண்டும் கொண்டுவருவதற்கு மீட்டமைப்பு என்று வைக்கலாம். மீட்டமைப்புக்கும் புதுக்கத்துக்கும் வேறுபாடு தெரிந்தால், விலைக்கு வாங்குகிறவர் ஏமாறமாட்டார்.

மாற்று பற்றி ஒரு சொல். பொன்னின் தரத்துக்கும் மாற்று என்றுதான் பெயர். மாற்றுக் குறையாத பொன் என்கிறோம். அதே வகை இன்ஜினைப் பூட்டும்போது வண்டியின் தரம் குறைவதில்லை. இந்தப் பொருளும் சொல்லுக்குள் ஒலிப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

---

அனுப்புநர்: மதுரைத் தமிழாசிரியர்

தஞ்சை அம்மாவின் புதுக்கம் அருமை. முழு மனத்தோடு வழிமொழிகிறேன். பொன்னின் மாற்று உரைத்துப் பார்ப்பதிலிருந்து வந்தது. அதை இங்கே இழுக்கவேண்டாம் என்பது மட்டும் என் கருத்து.

யாழ்ப்பாணத்து நண்பர் எஞ்சின் என்று எழுதுகிறார். தமிழில் எஞ்சின் என்றால் எஞ்சினால், மிஞ்சினால் என்று பொருள். எஞ்சு என்னும் வினையோடு இன் சேர்ந்த எச்சம் அது. 'எஞ்சின் பொருத்துக' என்று கையேட்டில் வந்தால் ஏதாவது மிச்சமிருந்தால் பொருத்து என்றல்லவா தமிழ் படித்தவன் கொள்வான்? இன்ஜின் என்றால் ஜகரம் உறுத்துகிறது. இரண்டு கரையிலும் இரண்டு எழுத்துக்கூட்டல். பொறி என்றால் இரு கரைக்கும் ஒன்று. இரண்டு பக்கமும் பொறியியல் என்றுதானே சொல்கிறோம்? பொறியியலில் பொறி இருக்கலாம், பொறிக்குள் பொறி இருக்கக்கூடாதா?

---

அனுப்புநர்: சென்னை மொழிபெயர்ப்பாளர்

நான்காவதாக ஒன்று விட்டுப்போயிற்று. புதிய உடலில் பழைய இன்ஜின்! 1985இல் சென்னை ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் கொண்டுவந்த ஸ்டாண்டர்ட் 2000 நினைவிருக்கிறதா? இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 காரின் அழகான உடல். உள்ளே பழைய ஸ்டாண்டர்ட் வேன்கார்டு வழிவந்த இரண்டு லிட்டர் இன்ஜின். அந்த உடலின் எடைக்கு அந்த இன்ஜின் போதவில்லை; பெட்ரோலும் குடித்தது. சில ஆண்டுகளில் தயாரிப்பு நின்றது. இப்போது அந்தக் காரை வைத்திருக்கும் ஒருவர் ரோவரின் மூல வி8 இன்ஜினைக் கொண்டுவந்து பொருத்தினால் அது வேற்றா, மீட்டமைப்பா? உடலுக்கு உரியது அந்த வி8. பதிவுச் சான்றுக்கு உரியது வேன்கார்டு. யாழ்ப்பாண அளவுகோல் இங்கே உதவுமா என்று யோசிக்கிறேன்.

மற்றபடி, பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல என்று நன்னூல் சொல்லிவிட்டது. இன்ஜின் என்ற சொல் புகுந்து நாளாயிற்று. இருக்கட்டும்.

---

அனுப்புநர்: மதுரைத் தமிழாசிரியர்

அந்த நூற்பா 'கால வகையினானே' என்று முடிகிறது. கழிவது கழிந்த பிறகு புகுவதைத்தான் பவணந்தியார் ஒப்புக்கொண்டார். பொறி எப்போது கழிந்தது?

---

அனுப்புநர்: மட்டுறுத்துநர்

வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது. ஸ்டாண்டர்ட் 2000க்குத் தனி இழை தொடங்கிக்கொள்ளுங்கள். மாற்று, வேற்று, ஏற்றம், புதுக்கம், மீட்டமைப்பு என்ற ஐந்துக்கும் பெரிய மறுப்பு இல்லை. இன்ஜினா பொறியா என்பதில்தான் இழுபறி. கருத்துள்ளவர்கள் ஒரே வரியில் சொல்லவும்.

---

அனுப்புநர்: அம்பத்தூர்ப் பட்டறை

இன்ஜின்.

---

அனுப்புநர்: யாழ்ப்பாணத்துப் பொறியியலாளர்

எஞ்சின். ஆனால் தமிழ்நாட்டுக் கையேட்டில் இன்ஜின் என்று வருவதில் எனக்குத் தடையில்லை.

---

அனுப்புநர்: தஞ்சைக் கல்வெட்டு ஆர்வலர்

மாணவர்களுக்கு இன்ஜின். அகராதிக்குப் பொறி.

---

அனுப்புநர்: கோவைப் பயிற்றுநர்

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். 'மாற்று இன்ஜின் ஏற்றம்', 'வேற்று இன்ஜின் ஏற்றம்' இரண்டையும் விளக்கம் கேட்காமலே பிரித்துச் சொன்னார்கள். புதுக்கத்துக்கு விளக்கம் தேவைப்பட்டது. சொன்ன பிறகு அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டார்கள். வேற்றுப்பொறி என்று எழுதியதும் முன்வரிசையில் ஒரு பையன் பிளக் கேப்பைக் காட்டி 'இதுவா சார்?' என்று கேட்டான்.

எனவே கையேட்டில் இன்ஜின்தான் வருகிறது. வேற்றின்ஜின் என்று சேர்த்தெழுதவில்லை, வாயில் நுழையவில்லை. யாழ்ப்பாண ஐயாவின் அளவுகோலும் குறுக்குச்சட்ட எச்சரிக்கையும் தடித்த எழுத்தில் போகின்றன. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைத் தனிப் பெட்டியில் போட்டிருக்கிறேன்: பதிவுச் சான்றில் உள்ள விவரத்தைத் தயாரிப்பாளர் குறித்ததற்கு மாறாக்கும்படி உரிமையாளர் வண்டியைத் திருத்தக்கூடாது, வேற்று இன்ஜின் ஏற்றுமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளவேண்டும்.

---

அனுப்புநர்: மதுரைத் தமிழாசிரியர்

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

2017இல் ஜாகுவார் நிறுவனமே தன் பழைய இ-டைப் காரில் மின்மோட்டார் பொருத்திக் காட்டியது. நாளை உங்கள் மாணவன் ஓர் அம்பாசடரில் அதைச் செய்வான். அப்போது வண்டிக்குள் இன்ஜினே இருக்காது. 'வேற்று இன்ஜின் ஏற்றம்' என்ற தலைப்பின்கீழ் அந்தப் பாடத்தை எப்படி எழுதுவீர்கள்? வேற்றுப்பொறி என்றிருந்தால் எரிபொருளில் ஓடுவதும் மின்னில் ஓடுவதும் ஒரு சொல்லில் அடங்கியிருக்கும். இரண்டாம் பதிப்பு வரும்போது இந்த மடலை எடுத்துப் பாருங்கள். பிளக்குக்குத் தீப்பொறிச் செருகி வேண்டாம், சுடர்ச்செருகி என்று வையுங்கள். பையனின் குழப்பமும் தீரும்.

---

அனுப்புநர்: அம்பத்தூர்ப் பட்டறை

மோட்டார் விஷயம் ஐயா சொல்றது நியாயம். சுடர்ச்செருகி மட்டும் வேண்டாம். பிளக் பிளக்காவே இருக்கட்டும்.