மேச்சின் 4 பென்னி அஞ்சல்தலை: பாஸ்பர் பட்டையை எப்படிக் காண்பது?

கேள்வி:
பிரிட்டனின் மேச்சின் வரிசையில் (எலிசபெத் ராணியின் தலையுருவம் கொண்ட அன்றாட அஞ்சல்தலைகள்) அடர்பழுப்பு நிற 4 பென்னி தலைகள் பத்து என்னிடம் உள்ளன. இவற்றில் இரட்டைப் பாஸ்பர் பட்டை (அஞ்சல் இயந்திரம் தலையை அடையாளம் காண அச்சிடும் ஒளிரும் பூச்சு) உள்ளவையும் நடுவில் ஒற்றைப் பட்டை உள்ளவையும் உண்டு என்று கேட்டலாக் சொல்கிறது. 365 நானோமீட்டர் புறஊதா டார்ச்சை இருட்டில் பிடித்துப் பார்த்தால் தாள் முழுவதும் நீலவெண்மையாக மின்னுகிறதே தவிர, பட்டை எதுவும் தெரியவில்லை. இவை பாஸ்பர் விடுபட்ட பிழைத் தலைகளா?

பதில் 1:
அவசரப்பட்டுப் பிழை என்று எழுதி வைத்துவிடாதீர்கள். நீங்கள் கண்டது தாளில் கலந்துள்ள வெண்மையூட்டியின் ஒளி. சலவைத்தூளிலும் இருப்பது இவ்வகைப் பொருள்தான். அது விளக்கு அணைந்த கணமே மறையும் உடனொளிர்தல். பாஸ்பர் பட்டையோ விளக்கு அணைந்த பின்னும் சிறிது நேரம் மங்கலாக ஒளிரும். அதற்குப் பெயர் நின்றொளிர்தல். கடிதங்களை முகம் திருப்பி அடுக்கும் இயந்திரம் இந்த எஞ்சிய ஒளியைத் தேடுவதால்தான் வெள்ளை உறையின் மினுமினுப்பைக் கண்டு ஏமாறுவதில்லை. மேச்சின் தலைகளில் உள்ள ஊதா பாஸ்பருக்கு 254 நானோமீட்டர் அளவிலான குற்றலை விளக்கு வேண்டும். உங்கள் டார்ச் நெட்டலை வகை.

பதில் 2:
விளக்கே இல்லாமலும் பார்க்கலாம். தலையைக் கண்மட்டத்தில் கிடையாகப் பிடித்து, ஜன்னல் வெளிச்சம் அதன் மேல் சரிந்து விழும்படி மெல்லச் சாய்த்தால், பளபளப்பில் வேறுபட்ட கோடுகளாகப் பட்டைகள் தெரியும். கடிதங்களை இயந்திரத்தால் அடுக்கும் முறைக்கு 1957இல் சவுதாம்ப்டன் நகரில் நடந்த சோதனைக்காகத் தலையின் பின்புறம் கிராஃபைட் கோடுகளை அச்சிட்டார்கள். 1959இல் முன்புறம் பாஸ்பர் பட்டைகள் வந்தன. கடிதக் கட்டணத்துக்கு இரண்டு பட்டை, அதைவிட மலிவான அச்சுத்தாள் கட்டணத்துக்கு ஒன்று என்பதே அடிப்படை. 1968 செப்டம்பர் 16 அன்று இருவகுப்பு அஞ்சல் தொடங்கியபோது, அதுவரை கடிதக் கட்டணமாக இருந்த 4 பென்னி மலிவான இரண்டாம் வகுப்பின் கட்டணமாகி, ஒற்றைப் பட்டைக்கு மாறிவிட்டது. ஒரே பழுப்புத் தலை இரு விதமாகக் கிடைப்பதற்குக் காரணம் இதுதான். 1969 ஜனவரியில் நிறத்தையே செம்மையாக மாற்றினார்கள். ஆகவே அந்தச் செப்டம்பருக்கு முந்தைய தேதியுள்ள அஞ்சலக முத்திரை இருந்தால் இரட்டைப் பட்டையைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

பதில் 3:
குற்றலை விளக்கு வாங்கினால் ஒளிமூலத்தை நேராகப் பார்க்காதீர்கள். கண்ணுக்குக் கேடு, புறஊதாவைத் தடுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி அணிவது அவசியம். தலையைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து வெளியே எடுத்துச் சோதியுங்கள். பல உறைகள் அந்த அலையைத் தடுத்துவிடும். நான் இது தெரியாமல் ஒரு மாலை முழுவதையும் வீணாக்கினேன்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. சாய்த்துப் பார்த்ததில் ஏழு இரட்டைப் பட்டை, இரண்டு நடுப்பட்டை என்று தெளிவாகிவிட்டது. பத்தாவது முத்திரை விழுந்த தலை. அதில் ஒன்றும் தெரியவில்லை. பட்டை தேய்ந்தும் போயிருக்கலாம் என்பதால், விளக்கு வரும்வரை அதைத் தனியே வைத்திருக்கிறேன்.