இரவு ஒரு மணிக்கும் நித்திரை வரவில்லை, நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

கொக்குவில் மல்லிகை:

வணக்கம். எனக்கு வயது 38. அம்மாவுக்குப் போன வருஷம் பாரிசவாதம் வந்து வலது பக்கம் இழுத்துவிட்டது. மகள் இந்த முறை ஓ.எல் சோதனை எடுக்கிறாள். இவருக்கு வேலை வவுனியாவில், வெள்ளி பின்னேரம்தான் வீட்டுக்கு வருவார். நான் ரவுனில் ஒரு கடைக்குக் கணக்கெழுதப் போகிறேன். விடிய நாலரைக்கு எழும்பி, சமைத்து, அம்மாவைக் கழுவித் துடைத்து, பகலில் வந்து பார்க்கிற அக்காவுக்கு எல்லாம் எடுத்து வைத்துவிட்டு ஓடினால், இரவு பத்தரைக்குத்தான் முதுகு பாயில் படும். படுத்தால் நித்திரை இல்லை, ஒரே யோசனை.

போன கிழமை அம்மா கஞ்சிக் கோப்பையை இடது கையால் எடுக்கப் போய்த் தட்டிவிட்டார். நான் கத்திவிட்டேன். அம்மா ஒரு சொல்லும் சொல்லவில்லை, தன் சீலைத் தலைப்பை அந்த இடது கையால் இழுத்து, சிந்தியதைத் துடைக்கப் பார்த்தார். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. கிணற்றடியில் போய் நின்று அழுதேன்.

இணையத்தில் தேடினால் உங்களுக்கென்று தினமும் ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள் என்கிறார்கள். எந்த மணித்தியாலத்தை ஒதுக்குவது? நீங்கள் உண்மையாகவே தினமும் செய்கிற, இடையில் கைவிடாத ஒரு பழக்கம் இருந்தால் சொல்லுங்கள். சின்னதாக இருந்தால் போதும்.

அரியாலை அண்ணா:

தங்கச்சி, அப்பாவை ஆறு வருஷம் படுக்கையில் வைத்துப் பார்த்தவன் நான், அந்தக் கத்தலும் அதற்குப் பிறகு வருகிற அழுகையும் எனக்கு நன்றாகத் தெரியும். அம்மாவிடம் போய், களைப்பில் கத்திவிட்டேன் அம்மா என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சொல்லாமல் வைத்திருந்தால் அதுவே இரவில் வந்து நிற்கும்.

பழக்கம் என்று கேட்டால், நான் முதலில் பண்ணைக் கடற்கரையில் தினமும் நடப்பதென்று வெளிக்கிட்டேன். கோட்டைப் பக்கம் பின்னேரக் காற்று நல்ல சுகம், ஆனால் மூன்றாம் கிழமையோடு அது நின்றுவிட்டது, ஏனென்றால் அதற்கென்று தனியாக உடுப்பு மாற்றி, அப்பாவோடு இருக்க ஆள் பிடித்து, போய்வர வேண்டியிருந்தது. நிலைத்தது எது தெரியுமா? பாண் வாங்க மோட்டார் சைக்கிளில் போவதை விட்டுவிட்டு மிதிக்கிற சைக்கிளை எடுத்ததுதான். போகப் பத்து நிமிஷம், வரப் பத்து நிமிஷம். பாண் எப்படியும் வாங்கத்தான் வேண்டும், அதனால் அது தவறவே இல்லை. கிழமைக்கு 150 நிமிஷமாவது உடம்பு அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, பாண் கடையே எனக்கு அதில் முக்கால்வாசிக்கு மேல் தந்துவிடுகிறது. புதிதாக நேரம் தேடாதீர்கள், ஏற்கனவே செய்கிற ஒன்றோடு சேர்த்துக் கட்டுங்கள்.

வேப்பமரத்தடி (ஓய்வுபெற்ற தாதி):

பிள்ளை, இரண்டு கேள்வி. பின்னேரம் எத்தனை மணிக்குக் கடைசித் தேத்தண்ணி குடிக்கிறீர்கள்? படுக்கிறதற்கு முன் கடைசி அரை மணித்தியாலத்தில் என்ன நடக்கிறது?

கொக்குவில் மல்லிகை:

ஏழு மணிக்கு ஒரு பிளேன்ரீ குடிப்பேன் அக்கா, மகளோடு இருந்து படிப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் கண் சொருகிவிடும். பத்து மணிக்கு ரொறன்ரோவிலிருந்து அண்ணா போன் எடுப்பார், அங்கே பகல் பன்னிரண்டரை, அவருடைய சாப்பாட்டு நேரம். அம்மா என்ன சாப்பிட்டவ, டொக்டர் என்ன சொன்னவர் என்று எல்லாம் கேட்பார். பாவம், அவருக்கும் அங்கே இருந்து மனம் கேட்காது. போனை வைத்த பிறகுதான் எனக்கு நெஞ்சு படபடக்கத் தொடங்கும்.

வேப்பமரத்தடி:

அப்ப பாதி அங்கேயே இருக்கிறது. குடித்த தேயிலைச் சத்தில் பாதி இறங்கவே ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் எடுக்கும். ஏழு மணிக்குக் குடித்தது நடுச்சாமத்திலும் உடம்பில் நிற்கிறது. மூன்று மணிக்குப் பிறகு வேண்டாம், மல்லித்தண்ணி குடியுங்கள். அண்ணாவிடம் விடிய ஆறரைக்கு எடுக்கச் சொல்லுங்கள், அங்கே இரவு ஒன்பதாக இருக்கும். அம்மாவும் விழிப்பாக இருப்பார், தானே கதைப்பார், நீங்கள் இடையில் நின்று அறிக்கை வாசிக்கத் தேவையில்லை. வாய் குழறினாலும் பரவாயில்லை, கதைக்கக் கதைக்கத்தான் அது திருந்தும்.

படுத்தவுடன் படபடப்பு வந்தால் மூச்சை நாலு எண்ணும் வரை உள்ளே எடுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல விடுங்கள். விடுகிற மூச்சு நீளும்போது நெஞ்சடிப்பு இறங்கும். அப்படியும் நித்திரை வராவிட்டால் பாயில் புரளாமல் எழும்பி இருட்டில் திண்ணையில் இருங்கள், கண் சொருகினால் மட்டும் திரும்பப் படுங்கள்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இரண்டு கிழமைக்கு மேல் அநேகமான நாட்களில் மனம் பாரமாகவே இருந்தால், முன்பு பிடித்த ஒன்றும் பிடிக்காமல் போனால், இருந்தென்ன செத்தென்ன என்று ஒரு நினைப்பு வந்தாலும் சரி, பழக்கவழக்கத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம், டொக்டரிடம் போங்கள். தைரொயிட்டையும் இரத்தச்சோகையையும் சோதிக்கச் சொல்லுங்கள், இரண்டும் இதே மாதிரி ஆளைச் சோர்த்துப்போடும். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு இல்லை. நடு இரவில் கதைக்க ஆள் வேண்டுமென்றால் 1926, தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், தமிழில் கதைக்கலாம்.

சுன்னாகம் தம்பி:

அக்கா சொன்னதோடு ஒன்று. கம்பஸ் இரண்டாம் வருஷத்தில் எனக்கு மனம் சரியில்லாமல் போனபோது வீட்டில், கோயிலுக்குப் போ, எல்லாம் சரிவரும் என்றார்கள். நல்லூருக்குப் போய் மணலில் இருந்தால் உண்மையிலேயே மனம் அடங்கும், இப்பவும் போகிறேன். ஆனால் விசர் என்று சனம் கதைக்கும் என்ற பயத்தில் எட்டு மாதம் டொக்டரிடம் போகாமல் இருந்தேன். அந்த எட்டு மாதத்தை நினைத்தால் இப்பவும் கவலைதான். போன பிறகு பார்த்தால், டொக்டரைப் பார்க்கக் காத்திருக்கிற வாங்கில் எனக்குப் பக்கத்தில் என்னுடைய பழைய ரியூஷன் மாஸ்ரர் இருந்தார். நான் இருந்ததைக் கண்டு தலையாட்டினார், அவ்வளவுதான்.

கொக்குவில் மல்லிகை:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். பிளேன்ரீயை நிறுத்தி முதல் மூன்று நாள் தலையிடி, அப்புறம் பழகிவிட்டது. அண்ணா இப்போது விடியத்தான் எடுக்கிறார், அம்மா போனை இடது கையில் தானே பிடித்துக் கதைக்கிறார். நித்திரை இன்னும் முழுதாக வரவில்லை, ஆனால் பதினொன்றரைக்குள் கண் மூடிய இரவுகள் நாலு. வெள்ளிக்கிழமை இவர் வந்ததும் அம்மாவை அவரிடம் விட்டுவிட்டு, கிணற்றடியில் இருபது வாளி அள்ளி அவசரப்படாமல் முழுகினேன். கடைசியாக எப்போது அப்படி முழுகினேன் என்று ஞாபகமே இல்லை.

அம்மாவிடமும் சொன்னேன், அரியாலை அண்ணா. அவர் என் தலையைத் தடவி, நீ சாப்பிட்டியா என்று கேட்டார். தெல்லிப்பழைக்கு வருகிற செவ்வாய் போகிறேன், இவரும் லீவு போட்டுக் கூட வருகிறார்.