பாதாள சாக்கடையா, கசடு நிலையமா? எங்கள் காவிரிக்கரை ஊருக்கு எது சரி?

படித்துறைவாசி:
வெள்ளிக்கிழமை மன்றக் கூட்டத்தில் நம் பேரூராட்சியின் கழிவுநீர் விஷயம் வருகிறது. செப்டிக் டேங்க் கசடைச் சுத்திகரிக்க ஒரு நிலையம் கட்டினால் போதுமாம். எனக்கு உடன்பாடில்லை, பாதாள சாக்கடைதான் வேண்டும். ஜனவரி 28இல் மேட்டூரை மூடிய பிறகு பெரிய படித்துறைக்கு வந்து பாருங்கள். மணலில் கறுப்பாக ஒரு கோடு ஓடும். ஓரத்தில் சோப்பு நுரை, அதில் நிற்கும் இரண்டு கொக்கு. அந்தக் கோடு போகும் திசையில்தான் நமக்குக் குடிநீர் எடுக்கும் ஆற்றுக் கிணறு இருக்கிறது.

பழைய ஓவர்சியர்:
தம்பி, ஆசை சரி. நம் ஊர் சமதளம். வீட்டுக் குழாய்கள் வந்து சேரும் தெருமுனைக் குழாய், 150 மி.மீ. என்று வையுங்கள், தண்ணீர் குறைவாக ஓடும் இடத்தில் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6 மீட்டர் இறக்கம் கேட்கும். இல்லாவிட்டால் மலம் அடியில் தங்கிவிடும். ஆற்றங்கரையில் 3 மீட்டர் தோண்டினாலே ஊற்று வந்து மண் சரிகிறது. அப்புறம் தெருவுக்குத் தெரு பம்பு, அதற்குக் கரண்டு பில். பாதாள சாக்கடை உள்ள ஊருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் வேண்டும், அது இல்லாத ஊருக்கு 70 போதும் என்பது மத்திய அரசுக் கையேட்டின் கணக்கு. நம் தெருக்குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர். மதுராந்தகம் பக்கத்துக் கருங்குழிப் பேரூராட்சியில் (வள்ளலார் தண்ணீரில் விளக்கு எரித்த கருங்குழி அல்ல, அது வடலூர் பக்கம்) 2017இலேயே கசடு நிலையம் வந்துவிட்டது.

படித்துறைவாசி:
கணக்கு சரிதான் சார். ஆனால் லாரி எடுப்பது தொட்டியின் அடியில் தங்கும் கசடை மட்டும். குளித்த தண்ணீர், துணி துவைத்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் எல்லாம் எந்த லாரியில் ஏறும்? கழிவுநீரில் பெரும்பங்கு அதுதானே. கசடு நிலையம் வந்தாலும் அந்தக் கறுப்புக் கோடு அப்படியே இருக்கும்.

பழைய ஓவர்சியர்:
அது நியாயம். வடிகால் ஆற்றில் விழும் இடத்தில் ஜல்லிப் படுகை போட்டு, நாணலும் கல்வாழையும் நட்டு வடியவிடலாம். பம்பு வேண்டாம். இடம் மட்டும் வேண்டும்.

நாலாம் வார்டு:
இடம் என்று சொன்னதும் எல்லார் கண்ணும் எங்கள் காலனிக்குப் பின்னால் இருக்கும் புறம்போக்குக்குத்தான் போகும். குப்பைக் கிடங்கும் அங்கேதான் வந்தது, சுடுகாடும் அங்கேதான். அக்ரஹாரத்துக்குப் பின்னாலும் ஆற்றோரம் காலி இடம் கிடக்கிறதே, அதை ஏன் ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை?

பழைய ஓவர்சியர்:
அது வெள்ளத்தில் முழுகுமே அம்மா.

நாலாம் வார்டு:
எங்கள் இடம் மட்டும் முழுகாதா சார்? 2018இல் இடுப்பளவு தண்ணீரில் நின்றோம். இதை நான் வெள்ளிக்கிழமை கேட்கத்தான் போகிறேன்.

லாரிக்காரன்:
அண்ணே, அக்கா, நான் கழிவுநீர் வண்டி ஓட்டுகிறவன். ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். இந்த ஊரில் நான் குழாய் விட்ட வீடுகளில் சரியான தொட்டி அபூர்வம். சிமென்ட் உறை இறக்கி, அடியில் தளம் போடாமல் விட்டிருக்கிறார்கள். அது மண்ணுக்குள் வடிகிறது, அதனால் பத்து வருஷமானாலும் நிரம்பாது, என்னையும் கூப்பிட மாட்டார்கள். தளம் போட்டவர்களோ வழியும் குழாயை நேராக வடிகாலில் விட்டிருக்கிறார்கள். கசடு நிலையம் கட்டினால் அதற்குக் கொண்டுபோக நான் எங்கிருந்து எடுப்பேன்? இருபது கிலோமீட்டர் தள்ளிக் கட்டினால் டீசல் காசு யார் தருவது? ராத்திரியில் வாய்க்காலில் திறந்துவிடுகிற வண்டிகள் பிறப்பது இப்படித்தான். நான் செய்ததில்லை என்று சத்தியம் செய்யமாட்டேன்.

படித்துறைவாசி:
உண்மையைச் சொன்னதற்கு நன்றி தம்பி. எங்கள் வீட்டுத் தொட்டியின் வழிகுழாய் எங்கே போகிறது என்று இப்போதுதான் அப்பாவிடம் கேட்டேன். "வடிகாலுக்குத்தான், வேறெங்கே?" என்றார்.

பழைய ஓவர்சியர்:
கூட்டத்துக்கு முன்னால் தெருவுக்கு ஐந்து வீடு என்று தொட்டியைத் திறந்து பார்த்து எழுதிக்கொள்வோம். வெறும் கையோடு போனால் தீர்மானத்தை வாசித்து முடித்துவிடுவார்கள். வியாழன் காலை வருகிறாயா லாரித் தம்பி?

லாரிக்காரன்:
வருகிறேன் சார். திறந்ததும் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது, இறங்கவே கூடாது, விஷவாயு நிற்கும். அப்புறம் கடப்பாரை ஒன்று எடுத்து வாருங்கள். பாதி வீட்டில் மூடிக்கு மேல் டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள்.